மீதியிலதான் மார்க் இருக்கு: பத்தாவது கணக்குக்கு அக்காவின் டிப்ஸ்

பத்தாவது கணக்குப் புத்தகத்துல இரண்டாவது பாடம் ‘எண்களும் தொடர்வரிசைகளும்’. அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சதும் எல்லாரும் வரைபடத்தையும் செய்முறை வடிவியலையும் எடுத்து உட்கார்ந்துடுவீங்க. அந்த ரெண்டு கேள்வியும் சேர்ந்து 16 மார்க், அதனால தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டாவது பாடத்தை மட்டும் ‘வகுத்தல் கணக்குதானே, ஆறாவதுலயே படிச்சோமே’ன்னு ஓரமா வெச்சுடறீங்க. ஆறாவதுல படிச்சதுங்கற தைரியத்துல அதைத் தொடாம விட்டவங்கதான் ஹாலுக்குள்ள போய் முழிக்கறாங்க.

முதல்ல வினாத்தாளைத் தெரிஞ்சுக்கோ. மொத்தம் 100 மார்க், 3 மணி நேரம். ஒரு மார்க் கேள்வி 14. ரெண்டு மார்க்ல 14 கேட்டு 10 எழுதச் சொல்லுவாங்க. அஞ்சு மார்க்லயும் அதே மாதிரி 14-க்கு 10. கடைசியா எட்டு மார்க் ரெண்டு. இதுல 28-ஆவது கேள்வியும் 42-ஆவது கேள்வியும் கட்டாயம், சாய்ஸ்ல விட முடியாது. புத்தகக் கணக்கை எண்ணோட சேர்த்து மனப்பாடம் பண்ணினவங்க மாட்டறது அந்த ரெண்டு இடத்துலதான். எண்ணை மாத்திக் கேட்டாலும் போடத் தெரியணும்னா, கணக்கு எதைச் சுத்தி வருதுன்னு தெரியணும்.

இந்தப் பாடத்தோட முதல் பாதியில யூக்ளிடின் வகுத்தல் துணைத் தேற்றம், வகுத்தல் வழிமுறை, அடிப்படை எண்ணியல் தேற்றம், மட்டு எண்கணிதம்னு வரிசையா பயமுறுத்தற பேரா இருக்கும். எல்லாம் சுத்தி வர்றது மீதியைத்தான். வகுத்ததுல மீந்தது எவ்வளவு, அவ்வளவுதான் கேள்வி. அதை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கோ, பேரெல்லாம் தானா உட்கார்ந்துடும்.

எழுதற விதம்

வகுபடும் எண் = வகுத்தி × ஈவு + மீதி. இந்த ஒரு வரியை எழுதிட்டு, பக்கத்துலயே ‘மீதி 0-க்குக் குறையாது, வகுத்தியை விடச் சின்னது’ன்னு எழுதணும். ரெண்டாவது பாதியை எழுதாம விட்டா தேற்றம் முழுசா ஆகாது. இதைச் சும்மா சம்பிரதாயம்னு நினைக்காதே. −17-ஐ 5-ஆல வகுத்தா மீதி என்ன? அவசரத்துல −2-ன்னு போடத் தோணும். மீதி எதிர்மறையா வரக்கூடாது. −17 = 5 × (−4) + 3. மீதி 3. ஈவு −3-ல நிக்காம −4 வரைக்கும் இறங்கணும், அவ்வளவுதான் சூட்சுமம். ஒரு மார்க் கேள்வியில −2-ஐயும் ஒரு விடையா வெச்சா, அவசரக்காரங்க எல்லாம் அதைத்தான் டிக் அடிப்பாங்க.

‘ஒற்றை எண்ணோட வர்க்கத்தை 4-ஆல வகுத்தா மீதி 1-ன்னு காட்டு’ மாதிரி நிரூபணக் கேள்விக்கும் இதே வரிதான் ஆயுதம். ஒற்றை எண்ணை 4-ஆல வகுத்தா மீதி 1 இல்லன்னா 3. மீதியை மட்டும் வர்க்கப்படுத்து. 1-இன் வர்க்கம் 1. 3-இன் வர்க்கம் 9, அதை 4-ஆல வகுத்தா மறுபடியும் 1. வேற வழியே இல்ல. விடைத்தாள்ல எழுதும்போது 4-இன் மடங்கு + 1, 4-இன் மடங்கு + 3-ன்னு பொதுவான எண்ணை வெச்சு விரிச்சு எழுது. ரஃப்ல மட்டும் இப்படி மீதியில யோசி.

நம்ம ஊர் பின்கோடு

வகுபடும் விதிகளை ஆறு விதி, எட்டு விதின்னு தனித்தனியா நெட்டுருப் போடறதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். அத்தனையும் ஒரே இடத்துலேருந்து வருது. 10-ஐ 9-ஆல வகுத்தா மீதி 1. 100, 1000 எதை வகுத்தாலும் மீதி 1. அதனால ஒரு எண்ணை 9-ஆல வகுத்தா வர்ற மீதியும், அதோட இலக்கங்களைக் கூட்டி 9-ஆல வகுத்தா வர்ற மீதியும் ஒண்ணுதான். 3-க்கும் அதே கதை. 100-ஐ 4-ஆல வகுத்தா மீதி 0, அதனால 4-க்குக் கடைசி ரெண்டு இலக்கம் போதும். 1000-ஐ 8-ஆல வகுத்தா மீதி 0, அதனால 8-க்குக் கடைசி மூணு. 10-ஐ 11-ஆல வகுக்கும்போது ஒண்ணு குறையுது, அதாவது கணக்குக்கு −1-ன்னு வெச்சுக்கலாம். அதனாலதான் 11-க்கு இலக்கங்களை ஒண்ணு விட்டு ஒண்ணு கூட்டிக் கழிக்கிறோம்.

சரி, 7-க்கும் 13-க்கும்? புத்தகத்துல இல்லாத ஒண்ணு சொல்றேன், ரஃப் ஒர்க்குக்கு வெச்சுக்கோ. 7 × 11 × 13 = 1001. அப்போ 1000-ஐ இந்த மூணுல எதால வகுத்தாலும் மீதி −1 மாதிரி. எண்ணைப் பின்னாடியிலேருந்து மூணு மூணா வெட்டிக் கழிச்சா போதும். ஆவடி பின்கோடை எடு: 600054. 600-லேருந்து 54-ஐக் கழி, 546. அது 7 × 78. 78-ங்கறது 13 × 6. ஆக, ஆவடி பின்கோடு 7-ஆலயும் வகுபடும், 13-ஆலயும் வகுபடும். 11-ஆல வகுபடாது. முழுசாப் பிரிச்சா 600054 = 2 × 3 × 7² × 13 × 157. பொறுமையா நீயே ஒருதரம் போட்டுப் பார். 7 ரெண்டு தடவை வர்றதைக் கவனி. ஒரு தடவை வகுத்ததும் அடுத்த பகா எண்ணுக்குத் தாவறவங்க இந்த ரெண்டாவது 7-ஐத் தவற விடுவாங்க.

அம்பத்தூர் 600053, ஆவடி 600054. பக்கத்துப் பக்கத்து எண்கள். இதுக்கு மீ.பொ.வ கேட்டா பேனாவையே எடுக்க வேண்டாம், 1. அடுத்தடுத்த ரெண்டு முழு எண்கள் எப்பவும் சார்பகா எண்கள்தான், ஏன்னா ரெண்டையும் வகுக்கற எண் அதுங்களோட வித்தியாசமான 1-ஐயும் வகுத்தாகணும். பூந்தமல்லி 600056. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் மீ.பொ.வ? 600056 = 600054 × 1 + 2. 600054 = 2 × 300027 + 0. விடை 2. ஆறு இலக்க எண்ணுன்னு மிரள வேண்டியதே இல்ல.

ராமானுஜனோட 1729 எல்லாருக்கும் தெரியும். புட்னியில ஆஸ்பத்திரியில இருந்தவரைப் பார்க்க வந்த ஹார்டி டாக்ஸி நம்பரைச் சொன்ன கதை. 1³ + 12³, 9³ + 10³-ன்னு ரெண்டு விதமாக் கனங்களோட கூடுதலா எழுத முடியற மிகச்சிறிய எண். ஆனா ‘1729 பகா எண்ணா?’ன்னு கேட்டுப் பார், பாதிப் பேர் ஆமான்னுதான் சொல்லுவாங்க, பார்க்க அப்படி இருக்கும். 729-லேருந்து 1-ஐக் கழி. 728 = 7 × 8 × 13. மாட்டிக்கிச்சு. 1729 = 7 × 13 × 19. ஒரு எண் பகா எண்ணான்னு சோதிக்க அதோட வர்க்கமூலம் வரைக்கும் இருக்கற பகா எண்களால வகுத்துப் பார்த்தா போதும்ங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கோ. மூணு இலக்க எண் எதுவா இருந்தாலும் 31 தாண்டிப் போக வேண்டாம்.

ஏரி ரெண்டு, மீ.பொ.வ ஒண்ணு

மழைக்காலத்துல பேப்பர்ல ஏரி நீர்மட்டம் போடுவான் இல்ல, அதுல ரெண்டு எண் எடுத்துக்கலாம். பூந்தமல்லிக்குப் பக்கத்துல செம்பரம்பாக்கம், முழுக் கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி. அம்பத்தூரைத் தாண்டினா புழல், 3300. இதுக்கு யூக்ளிட் வழியில மீ.பொ.வ:

3645 = 3300 × 1 + 345
3300 = 345 × 9 + 195
345 = 195 × 1 + 150
195 = 150 × 1 + 45
150 = 45 × 3 + 15
45 = 15 × 3 + 0

விடை 15. மீதி 0 வர்ற வரியில இருக்கற வகுத்திதான் மீ.பொ.வ. நிறைய பேர் பதற்றத்துல கடைசி ஈவான 3-ஐ விடையா எழுதிடறாங்க. வரியை முடிச்சதும் அந்த வகுத்தியைச் சுத்தி ஒரு வட்டம் போட்டுப் பழகிக்கோ. எழுதும்போது ஒவ்வொரு வரியிலயும் பழைய வகுத்தி முன்னாடி போய் நிக்கும், பழைய மீதி வகுத்தியாகும். இந்த இடமாத்தத்தை கண்ணால பார்க்கிற மாதிரி, சமக்குறி ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு வர்ற மாதிரி எழுது. திருத்தறவங்க கண்ணுக்கும் உறுத்தாது.

இப்ப பகாக் காரணி வழியில சரிபார். 3645 = 3⁶ × 5. 3300 = 2² × 3 × 5² × 11. ரெண்டுலயும் பொதுவா 3 ஒண்ணு, 5 ஒண்ணு, பெருக்கினா 15. ரெண்டு வழியும் ஒரே இடத்துக்கு வருது. கேள்வியில ‘யூக்ளிட் வழிமுறையைப் பயன்படுத்தி’ன்னு இருந்தா காரணிப்படுத்தி மட்டும் எழுதிட்டு வராதே, அதை ஓரத்துல சரிபார்க்க மட்டும் வெச்சுக்கோ.

யூக்ளிட் இதை கி.மு. 300 வாக்குல ‘எலிமெண்ட்ஸ்’ நூலோட ஏழாவது புத்தகத்துல எழுதி வெச்சார். 1844-ல காப்ரியல் லாமேங்கற பிரெஞ்சுக் கணிதர் இன்னொண்ணு நிரூபிச்சார். சின்ன எண்ணுல எத்தனை இலக்கமோ, அதோட அஞ்சு மடங்கைத் தாண்டி இந்த வரிகள் போகாது. மூணு இலக்க எண்ணுன்னா அதிகபட்சம் 15 வரி. பாடத்துல இது இல்ல. ஆனா உன் கணக்கு பதினாறாவது வரிக்குப் போனா, எங்கயோ கழித்தல் தப்புன்னு புரிஞ்சுக்கிட்டு மேல திரும்பிப் போகலாம்.

‘மிகப்பெரிய எண்’, ‘மிகச்சிறிய எண்’

‘369, 580 ஆகியவற்றை வகுக்கும்போது முறையே 5, 8 மீதி தரும் மிகப்பெரிய எண்’. மீதியை முதல்ல கழிச்சுடு: 364, 572. இப்ப ரெண்டையும் சரியா வகுக்கற மிகப்பெரிய எண், அதாவது மீ.பொ.வ. 52 வருதான்னு பார். வந்ததும் 52, 8-ஐ விடப் பெருசாங்கறதையும் ஒரு பார்வை பார்த்துக்கோ, மீதி வகுத்தியை விடச் சின்னதா இருக்கணுமே.

‘8, 12, 15 ஆகியவற்றால் வகுக்க ஒவ்வொரு முறையும் மீதி 5 தரும் மிகச்சிறிய எண்’. மீ.பொ.ம 120, அதோட 5-ஐக் கூட்டு, 125. இது சுலபம். அடுத்தது கொஞ்சம் குசும்பு: 8-ஆல வகுத்தா மீதி 5, 12-ஆல 9, 15-ஆல 12. மூணு மீதியும் வேற வேற. ஆனா வகுத்தியிலேருந்து மீதியைக் கழிச்சுப் பார். 8 − 5, 12 − 9, 15 − 12. எல்லாத்துலயும் 3 குறையுது. அதாவது மூணுலயும் மீதி −3-ன்னு வெச்சுக்கலாம். 120 − 3 = 117. மேல −17-க்குப் பார்த்த அதே கதைதான், உள்பக்கம் வெளிய திரும்பி வந்திருக்கு. இதுல நான் நிறைய நேரம் செலவழிக்கச் சொல்றதுக்குக் காரணம், குரூப் 4 பரீட்சைக்கு நான் படிக்கும்போதும் இதே கணக்குதான் முன்னாடி வந்து நிக்குது. அதுல திறனறிவுப் பகுதியில 25 கேள்வி, ஒவ்வொண்ணும் ஒன்றரை மார்க். ஆவடி, அம்பத்தூர் பக்கம் ரயில்வேக்கும் அப்ரண்டிஸுக்கும் எழுதற பசங்களும் மீ.பொ.வ, மீ.பொ.ம-வைத் தாண்டாம போக முடியாது.

ஒரு எச்சரிக்கை. மீ.பொ.வ × மீ.பொ.ம = எண்களோட பெருக்கல்பலன்ங்கறது ரெண்டு எண்ணுக்குத்தான். 2, 4, 6 எடுத்தா மீ.பொ.வ 2, மீ.பொ.ம 12, பெருக்கினா 24. ஆனா மூணு எண்ணையும் பெருக்கினா 48. மூணு எண்ணுக்கு அந்தச் சூத்திரத்தைத் தூக்கிட்டுப் போகாதே.

கிழமைக் கணக்கு

மட்டு எண்கணிதம் வந்தாலே பல பேர் மூணு கோடு போட்ட அந்தக் குறியைப் பார்த்துப் பயப்படறாங்க. 16 ≡ 2 (மட்டு 7) அப்படின்னா 16-உம் 2-உம் 7-ஆல வகுத்தா ஒரே மீதியைத் தரும். முடிஞ்சது.

இதுக்குக் காலண்டரை விட நல்ல பயிற்சி கிடையாது. ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22, வியாழக்கிழமை. அவரோட 125-ஆவது பிறந்தநாள் 2012-ல வந்தது, அந்த வருஷத்தையே தேசிய கணித ஆண்டா கொண்டாடினாங்க. அன்னிக்கு என்ன கிழமை? 365 = 7 × 52 + 1, அதனால ஒவ்வொரு வருஷத்துக்கும் கிழமை ஒண்ணு நகரும். 125 வருஷத்துக்கு 125. நடுவுல லீப் வருஷங்கள் 1888-லேருந்து 2012 வரைக்கும் நாலு நாலா எண்ணினா 32. அதுல 1900 லீப் இல்ல, ஆக 31. 2000 லீப்தான், அதைக் கழிச்சுடாதே. 125 + 31 = 156 = 7 × 22 + 2. வியாழனுக்கு ரெண்டு நாள் தள்ளி, சனி. போன்ல 2012 காலண்டரைத் திறந்து பார்த்துக்கோ. நாற்பத்தஞ்சாயிரத்துச் சொச்சம் நாளைக் கூட்டாமலே விடை வந்தது மீதியாலதான்.

பெரிய அடுக்கு வந்தாலும் இதே வித்தைதான். 2¹⁰⁰-ஐ 7-ஆல வகுத்தா? 2³ = 8, மீதி 1. 100 = 3 × 33 + 1. மூணு மூணா சேர்த்தது எல்லாம் 1 ஆகிடும், மிச்சம் ஒரே ஒரு 2. விடை 2. ‘6-இன் எந்த அடுக்காவது 0-ல முடியுமா’ன்னு கேட்டா மட்டும் அடிப்படை எண்ணியல் தேற்றத்துக்குப் போ. 0-ல முடியணும்னா 2-உம் 5-உம் காரணியா இருக்கணும். 6-இன் அடுக்குல 2-உம் 3-உம் மட்டும்தான், அந்தப் பிரிப்பு தனித்தன்மையானது, அதனால முடியாது. ‘தனித்தன்மையானது’ங்கற வார்த்தையை எழுதாம வராதே.

தொடர்வரிசைக்குச் சுருக்கமா

கூட்டுத் தொடர்வரிசை, பெருக்குத் தொடர்வரிசை சூத்திரம் எல்லாம் ஒரு தாள்ல அடங்கும், அதை எழுதி எழுதித்தான் பழகணும், அதுக்கு அக்கா வேண்டாம். ரெண்டு இடம் மட்டும் சொல்றேன்.

‘200-க்கும் 500-க்கும் இடையில 9-ஆல வகுபடும் எண்களின் கூடுதல்’. முதல் உறுப்பையும் கடைசி உறுப்பையும் விரல் விட்டுத் தேடாதே. 200 = 9 × 22 + 2, அதனால முதல்ல வர்றது 9 × 23 = 207. 500 = 9 × 55 + 5, அதனால கடைசி 9 × 55 = 495. எத்தனை உறுப்பு? 55 − 22 = 33. கூடுதல் 33 × 351 = 11583. இங்கயும் மீதிதான் வேலை பார்த்திருக்கு.

11³-லேருந்து 20³ வரைக்கும் கூடுதல் கேட்டா, 20 வரைக்கும் உள்ளதுலேருந்து 10 வரைக்கும் உள்ளதைக் கழிக்கணும், 11 வரைக்கும் இல்ல. 210² − 55² = 44100 − 3025 = 41075. சூத்திரம் மறந்துபோற மாதிரி இருந்தா 10 வரைக்குமான மூணு விடையை மனசுல வெச்சுக்கோ: எண்களின் கூடுதல் 55, வர்க்கங்களின் கூடுதல் 385, கனங்களின் கூடுதல் 3025. ஞாபகத்துக்கு வர்ற சூத்திரத்துல 10-ஐப் போட்டு இது வரலன்னா அந்தச் சூத்திரம் தப்பு.

கால்குலேட்டர் இல்லாத ஹால்ல

கடைசிப் பத்து நிமிஷத்துல பெருக்கலை மறுபடி மறுபடி பெருக்கிச் சரிபார்க்க நேரம் இருக்காது. 9-இன் மீதியை வெச்சுப் பார். 3822 × 157 = 600054-ன்னு எழுதியிருக்கேன்னு வெச்சுக்கோ. 3822-இன் இலக்கங்களைக் கூட்டினா 15, மறுபடி கூட்டினா 6. 157-க்கு 13, அப்புறம் 4. 6 × 4 = 24, அதுவும் 6 ஆகுது. விடை 600054-க்கு 15, அதுவும் 6. ஒத்துப்போகுது. ஒத்துப்போகலன்னா பெருக்கல் நிச்சயம் தப்பு, உடனே அந்தக் கணக்குக்குத் திரும்பு.

ஆனா ஒத்துப்போயிட்டா மட்டும் சரின்னு முழுசா நம்பிடாதே. அவசரத்துல 600054-ஐ 600045-ன்னு மாத்தி எழுதியிருந்தா கூட்டுத்தொகை மாறாது, இந்தச் சோதனை அதைக் காட்டிக் கொடுக்காது. பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறின தப்பை 11-இன் சோதனை பிடிச்சுடும். 600054-ல கடைசியிலேருந்து கூட்டிக் கழிச்சா 4 − 5 + 0 − 0 + 0 − 6 = −7, 600045-ல 5 − 4 + 0 − 0 + 0 − 6 = −5. பெருக்கின ரெண்டு எண்ணுக்கும் இதையே போடு: 3822-க்கு 2 − 2 + 8 − 3 = 5, 157-க்கு 7 − 5 + 1 = 3. 5 × 3 = 15, 11-ஆல வகுத்தா மீதி 4. −7-உம் 11-ஐக் கூட்டினா 4. −5-ஐக் கூட்டினா 6, அது பொய்.